குச்சிகளுக்கு இடையே உள்ள தூரம்

ஒக்ரோபர் 6: 241. ஒக்ரோபர் 13: 244. ஒக்ரோபர் 20: 249. ஒக்ரோபர் 27: 261. நவம்பர் 3: 261. நவம்பர் 10: 261.

கணிதக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் இருக்கும் இந்த ஆறு அளவுகளையும் என் நாட்குறிப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் மில்லிமீற்றர். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். எழுதியவள் பத்தாம் ஆண்டில் என்னிடம் புவியியல் படிக்கும் மாணவி. பதுளையிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் அவள் வசிக்கும் தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் அவர்களுடைய லயத்துக்கு மேலே, தேயிலைக்குள், நிலம் ஓரிடத்தில் வெடித்திருந்தது. வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி நட்டு, பாடசாலை அடிமட்டத்தால் வாராவாரம் அளந்தாள்.

அளக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். செப்ரெம்பர் 24 அன்று பத்தாம் ஆண்டுக்குப் புவித்தகடுகள் பற்றிய பாடம். அத்திலாந்திக் கடலின் நடு முகட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ள பாறைக்கு எத்தனை வயது என்ற அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, வரைபுத்தாளில் குறிக்கச் சொன்னேன். முகட்டை விட்டு விலக விலகப் பாறைக்கு வயது கூடும். புள்ளிகளைச் சேர்த்தால் ஏறத்தாழ நேர்கோடு வரும். தூரத்தை வயதால் வகுத்தால் கடலடி நகரும் வேகம் கிடைக்கும். அன்று அவர்கள் கண்ட வேகம் ஆண்டுக்கு இரண்டு சென்ரிமீற்றர்.

பிறகு நம் மலைக்கு வந்தேன். கடலடிப் பாறையில் பெரும்பகுதி இருநூறு மில்லியன் ஆண்டுகளைத் தாண்டாது, நம் மலைநாட்டுப் பாறைகளில் சில இரண்டாயிரம் மில்லியனை எட்டும் என்றேன்.

“அப்ப எங்க லயம் எத்தன மில்லியன் சேர்?” என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் தொடர்ச்சியாகத்தான் சொன்னேன்: “தகட்டு விளிம்பு இங்கருந்து ரொம்பத் தூரம். நம்ம மலை எங்கயும் போகாது.” பாறையைப் பற்றிச் சொன்னேன். அதன் மேல் கிடக்கும் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒக்ரோபர் 28, திங்கள். அவள் வரைபுத்தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

“கடலுக்கு நேர்கோடு வந்துச்சு சேர். எங்களுக்கு வளையுது.”

வளைவு மேல்நோக்கி இருந்தது. வெடிப்பு விரியும் வேகம் கூடுகிறது, மண் சரியலாம் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் காட்டினாயா என்று கேட்டேன்.

“மழைக்குத் தோட்டத்து ஹோல்ல போய்ப் படுக்கச் சொல்லி கிராம சேவகர் வந்து சொன்னாரு. அப்பா மாட்டேன்னுட்டாரு. ரெண்டாயிரம் மில்லியன் வருஷமா நிக்கிற மல இப்ப எங்க ஓடப்போகுதுன்னு கேக்குறாரு. நீங்க சொன்னதா நான்தான் வீட்டுல சொன்னேன்.”

அன்று மதியமே மண்சரிவைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வரைபுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிள்ள நல்லா செஞ்சிருக்கு சேர். ஆனா இத ஃபைல்ல போட ஏலாது. எங்க ஆள் வந்து அளக்கணும்.” எப்போது வருவார்கள்? “லிஸ்ட்ல போட்டிருக்கேன்.”

நவம்பர் 2, சனி. நானே லயத்துக்குப் போனேன். நான் சொன்னதை நானே திருத்தினால் அந்தக் குடும்பம் மழைக்கு முன் வெளியேறிவிடும் என்று நம்பினேன்.

“மலைக்கு வயசு சொன்ன சேர் வந்திருக்காரு, ஒரு பிளேன்டி போடு” என்று தகப்பன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நான் பேச்சைத் தொடங்குமுன் எழுந்துவிட்டார். “வாங்க, மொதல்ல வெடிப்பப் பாத்துட்டு வந்துருவோம்.”

மேலே போனதும் குச்சிகளின் பக்கத்தில் குந்தினார். இரண்டும் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகள். நான் பாறை வேறு, மண் வேறு என்று விளக்கத் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

“சேர், நான் இருவது வருஷமா இந்த மலையில தண்ணி ஓடக் கான் வெட்டுறேன். எனக்கு மண்ணு தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் இருக்கீங்க?”

“போன மழைக்கு ஹோல்ல நாலு மாசம் கெடந்தோம். அத்தன குடும்பத்துக்கும் ஒரே கக்கூஸ். அப்புறம் இதே லயத்துக் காம்பராவுக்குத்தான் திரும்பிப் போகச் சொன்னாங்க. வேற எடம் காட்டுங்க, இன்னைக்கே சாமானத் தூக்குறேன்.” கீழே தகரக் கூரையைப் பார்த்தார். “மழ பேஞ்சா பிள்ளையோட அம்மா தூங்குறதே இல்ல. நீங்க சொன்னத பிள்ள வந்து சொன்ன பிறகுதான் தூங்குறா. அத மட்டும் எடுத்துறாதீங்க.”

பெருமழை என்றால் ஹோலுக்குப் போவதாவது நிச்சயமா என்று கேட்டேன். “போறோம் சேர், போறோம்” என்றார். விடைத்தாளை நாளை தருகிறேன் என்று நான் வகுப்பில் சொல்லும் அதே குரல்.

கீழே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. “பெரிய மழைன்னா ஹோலுக்குப் போயிருங்கம்மா” என்று தாயிடம் சொன்னேன்.

“மல எங்கயும் போகாதுன்னு சொன்னது நீங்கதானே சேர்?” அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

தகப்பன் என்னைப் பார்த்தார். “சொன்னேன்” என்றேன். மண்ணைப் பற்றிய வாக்கியம் வாய்வரை வந்தது. நான் காட்டக்கூடிய வேறு இடம் ஒன்றும் என்னிடம் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

அடுத்த திங்கள் அவள் காட்டிய அளவு 261. அதற்கடுத்த திங்களும் 261. இடைப்பட்ட வாரத்தில் நான்கு நாட்கள் மழை பெய்ததாக என் குறிப்பில் இருக்கிறது.

“நின்னுருச்சு சேர்” என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

“குச்சி ரெண்டும் அப்படியே இருந்துச்சா?”

“ஒண்ணு சாஞ்சிருந்துச்சாம். அப்பா நிமித்தி நட்டாரு. அப்புறந்தான் நான் அளந்தேன்.”

“ரெண்டு ஞாயிறுமா?”

“ஆமாங்க சேர்.”

மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் வரைபைக் கிடைக்கோடாக முடித்துத் தந்தாள். சரி என்று அடையாளமிட்டுக் கொடுத்தேன்.

இதை எழுதும் இன்று டிசம்பர் 1. அவர்கள் அதே காம்பராவில் இருக்கிறார்கள். அளப்பதற்கு அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை. நவம்பர் 3, 10 ஆகிய இரண்டு அளவுகளுக்கும் எதிரே பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். வெடிப்பு நின்றதா, குச்சி இடம் மாறியதா என்பது உறுதிசெய்யப்படவில்லை.