ஓட்டத்துக்கு மட்டும்

உச்சி வெயிலில் கற்பிட்டிப் பக்கத்து மணல் எப்படிச் சுடும் என்பதைச் செருப்போடு நடந்தவர்களுக்கு விளங்கவைக்க முடியாது. குதிக்கால் பட்டால் பொறுக்காது, விரல்நுனியில் ஓட வேண்டும், நின்றால் தொலைந்தோம். அப்படித்தான் நான் ஓடப் பழகினேன். நுரைச்சோலைக்குப் போகும் வீதியோரம் இருந்த எங்கள் அகதி முகாமுக்குத் தண்ணீர் 'பவுசர்' லொறி வரும் நேரம் அதுதான். அதன் சத்தம் கேட்டதும் இரண்டு வாளிகளோடு ஓடி வரிசையில் முதலாவதாக வைக்காவிட்டால், அன்றைக்கு உம்மாவின் வாயிலிருந்து தப்ப முடியாது.

நாங்கள் மன்னார்க் கரையில் பிறந்தவர்கள். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஆயுதங்களோடு வந்தவர்கள், முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவர்களும் நாங்களும் பேசியது ஒரே தமிழ்தான். உம்மாவின் தோட்டைக் கழற்றி வாங்கியவன், வாப்பா பிடித்த மீனை எத்தனையோ நாள் வாங்கித் தின்றவன். வள்ளத்தின் எஞ்சினையும் எடுத்துக்கொண்டு, பாய் கட்டிப் போகச் சொன்னார்கள். மழையில் நனைந்து புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் கரையில் இறங்கிய எங்களுக்கு, முன்பின் தெரியாத மனிதர்கள் பாணும் தேத்தண்ணியும் கொண்டுவந்து தந்தார்கள். அந்தத் தேத்தண்ணியின் சூட்டை மறந்தால் நான் நன்றி கெட்டவள்.

ஊர்ப் பிள்ளைகள் காலையில் படித்துவிட்டுப் போன வகுப்பறைகளில் எங்கள் 'பின்னேரப் பள்ளிக்கூடம்' நடந்தது. கடதாசியில் அது அப்போதும் மன்னார்ப் பள்ளிக்கூடமாகவே இருந்ததால், அதற்குரிய விளையாட்டுப் போட்டிகளெல்லாம் யுத்தத்துக்கு அந்தப் பக்கம் நடந்தன. நாங்களோ இந்தப் பக்கம் இருந்தோம். காலைப் பள்ளிக்கூடத்து ஓட்டக்காரி சிபாயா, மணியடித்த பிறகும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருப்பாள். எனக்குப் பன்னிரண்டு வயதான ஒரு நாள், புத்தகப் பையை மதிலில் வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் ஓடினேன். இரண்டாம் சுற்றில் முந்திவிட்டேன். அவளுடைய விளையாட்டு டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ காலைப் பள்ளிக்கு வா மகள், மாகாணத்துக்கு ஓடலாம். வாப்பாட்ட ஒப்பம் வாங்கி விடுகைப் பத்திரம் எடுத்துட்டு வா" என்றார்.

பெண் பிள்ளை ஓடுவதா என்று வாப்பா தடுத்திருப்பார் என நீங்கள் நினைத்தால், அவரை உங்களுக்குத் தெரியாது. நான் ஓடுவதைப் பற்றி மீன் சந்தையில் பெருமையடித்தவர் அவர். பத்திரம்தான் அவருக்குப் பயம்.

"அதுல ஒப்பம் வெச்சா நாங்க புத்தளத்தாக்கள். ஊர்ல எங்கட பேர வெட்டிப்போடுவானுகள்."

கிடுகுக் கொட்டிலில் ஆறு வருடம் இருந்தும் தரைக்குச் சீமெந்து போடாத மனிதர். "போற ஆக்களுக்கு என்னத்துக்குச் சீமெந்து?" என்பார். நான் மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. என் பிடிவாதத்துக்குக் காரணம் கோப்பை அல்ல. ஓடும்போது மட்டும்தான் யாரும் என்னைத் துரத்தவில்லை, நானாக, நான் விரும்பிய பக்கம் போகிறேன் என்ற நினைப்பு வரும். அந்த நினைப்பு இல்லாமல் வளர எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் இதையெல்லாம் அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

உம்மாதான் வெங்காயம் வெட்டியபடியே கேட்டார்: "புள்ள ஓடினா ஊரும் ஓடிப் போயிருமா?"

நாலாம் நாள் வாப்பா ஒப்பம் வைத்தார். வைத்துவிட்டு, அதற்குக் கீழே தன் கையாலேயே எழுதினார்: 'ஓட்டத்துக்கு மட்டும். ஊர் திரும்பும்போது பிள்ளையைத் திரும்ப எடுப்போம்.' அதிபர் அதை இரண்டு முறை வாசித்தார். சிரிக்கவில்லை. அப்படியே பத்திரக் கோவையில் வைத்துக்கொண்டார்.

மாகாணப் போட்டியில் எண்ணூறு மீற்றர். உம்மா தைத்த நீளக் காற்சட்டை முழங்காலில் சுற்றிக்கொள்ள, கடைசி வளைவுவரை நாலாவதாக வந்து, பிறகு எப்படி முதலாவது ஆனேன் என்பது எனக்கே தெரியாது. ஒலிபெருக்கியில் சிங்களத்தில் என் பெயரையும் புத்தளத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். வேலிக்கு வெளியே நின்ற வாப்பா கைதட்டினார், கண்ணைத் துடைத்தார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தார்: "ஓட்டம் நல்லம். ஊர்தான் பிழையாச் சொல்லிட்டான்."

அதன்பின் பன்னிரண்டு வருடம் ஓடினேன். ஓட்டம்தான் எனக்குப் படிப்பையும் உத்தியோகத்தையும், தலை நிமிர்ந்து நடக்க ஒரு துணிவையும் தந்தது. ஓடிய இடத்திலெல்லாம் புத்தளம் என்றே அறிவித்தார்கள். வாப்பாவும் ஒவ்வொரு முறையும் அலுக்காமல் திருத்தினார்.

இன்று அந்த முகாம் இல்லை. கொட்டில்கள் இருந்த இடத்தில் கல்வீடுகள், பவுசர் வந்த பாதையில் தண்ணீர்க் குழாய். பின்னேரப் பள்ளிக்கூடமும் இல்லை. ஊரைவிட்டு வந்து கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, போன வருடம்தான், வாப்பா தன் காணி வளவைத் துப்புரவாக்கி அங்கேயே இருக்கப்போகிறேன் என்று பிடிவாதமாக ஊருக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். அயலில் இருந்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை, அவர்களுக்கும் எங்களைத் தெரியவில்லை. கிணறு இருந்த இடத்தைக்கூடக் காட்டுக்குள் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று நாள் கத்தியால் பற்றை வெட்டிய வாப்பா, நாலாம் நாள் காலை கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "வா மகள், வீட்டுக்குப் போவம்."

புத்தளத்தை அவர் அதுவரை வீடு என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'இருக்கிற இடம்' என்றுதான் சொல்லுவார். நான் ஓடியோடித்தான் அவரை அந்தச் சொல்லுக்குக் கொண்டுவந்து விட்டேனோ என்று தோன்றியது. வான் வண்டியில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, புத்தளம் வரும்வரை அழுதேன்.