பெரியப்பாவுக்கு வசனம் சொன்னவன்

சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான் கிளியின் வேலை என்று ஊர் உலகம் நம்புகிறது. அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் மட்டும் அது தலைகீழ். முதலில் சொல்பவனுக்குக் கிளி என்று பெயர் வைத்தார்கள். அதைத் திருப்பிச் சொல்பவரை மாபெரும் நடிகர் என்றார்கள். கிளிக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பெயர் வைத்த மேக்கப்காரர் செத்துப்போய் வெகுகாலம் ஆயிற்று. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

தொலைக்காட்சித் தொடரில் வசனத்தை மனப்பாடம் செய்ய யாருக்கும் நேரம் கிடையாது. காலையில் எழுதிய காகிதம் மதியத்துக்குள் காட்சியாகிவிட வேண்டும். அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று வசனத்தைத் துண்டு துண்டாக உரக்க வாசிப்பான். நடிப்பவர் அதைக் காதில் வாங்கி, முகத்தில் ஏற்றி, வாயால் விடுவார். வாசிப்பவனுக்கு பிராம்ப்டர் என்று பெயர். பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் நடிகரின் குரலை மறுபடி பதிந்துகொண்டு, வாசித்தவன் குரலைத் துடைத்து எறிந்துவிடுவார்கள். கிளியின் குரல் அந்தத் தொடரின் ஒவ்வொரு காட்சியிலும் இருந்தது. ஒளிபரப்பான எதிலும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வேண்டிய தகுதி ஒன்றுதான்: குரலில் உணர்ச்சி இருக்கக் கூடாது. வாசிப்பவன் தழுதழுத்தால் நடிப்பவருக்கும் அந்தத் தழுதழுப்பு ஒட்டிக்கொள்ளும். ‘பிள்ளை போயிட்டான்’ என்பதையும் ‘காபி ஆறிப்போச்சு’ என்பதையும் ஒரே சுருதியில் சொல்லத் தெரிய வேண்டும். கிளி நடிக்கலாம் என்றுதான் வந்தான். குரலில் உயிரே இல்லை என்று கழித்துக் கட்டினார்கள். அந்தக் குறையே அவனுக்குச் சோறு போட்டது. அவன் மனைவி, தையல் மெஷினில் நூல் கோத்தபடியே, இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்: “என்னைப் பிடிச்சிருக்குன்னு நீங்க வந்து சொன்னப்ப, வீட்டுக்காரர் வாடகை கேட்டு அனுப்பின ஆள்னுதான் நினைச்சேன்.”

அந்த மாபெரும் நடிகர் தொடரில் ஒரு கூட்டுக் குடும்பத்தின் பெரியப்பா. வருஷக்கணக்கில் அதே நாற்காலி, அதே மீசை. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் மிஞ்சியிருந்தது. அவரைவிட மூத்த அம்மாக்களும் தெருவில் பார்த்தால் “பெரியப்பா, நல்லா இருக்கீங்களா?” என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவரோ, பக்கத்தில் கிளி நிற்கிறானா என்று திரும்பிப் பார்ப்பார். ஊருக்கே நியாயம் சொல்லும் பெரியப்பாவுக்குச் சொந்தமாக நாலு வார்த்தை கோத்துப் பேச வராது. கூச்சமா, சோம்பலா, வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வார்த்தையைப் பேசியதில் தன்னுடையது தூர்ந்துபோயிற்றா, யாருக்கும் தெரியாது.

ஒருமுறை அழுகைக் காட்சியில் அவருடைய ஒட்டு மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. கிளி அவசரத்தில் “அய்யா, மீசை” என்றான். அவர் கண்ணீர் வழிய மருமகளைப் பார்த்து “அய்யா... மீசை” என்றார். தளமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கிளி வாயிலிருந்து எது வந்தாலும் அது வசனம். வசனம் அல்லாத எதற்கும் கிளி கையைத் தட்ட வேண்டும். தட்டினால் அவர் நிறுத்திக்கொள்வார். அந்த ஏற்பாடு ஒருநாளும் பிசகியதில்லை.

கிளியின் அண்ணன் பக்கவாதத்தில் போனபோது பெரியப்பா துக்கம் விசாரிக்க வந்தார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கம் இறங்கியதையும், கையிலிருந்து டம்ளர் நழுவியதையும், தூக்கக் கலக்கம் என்று வீட்டில் விட்டுவிட்டதையும் கிளி சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு கிளியின் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கமானது. கிளியே மெதுவாக “மனசைத் தேத்திக்கோ கிளி” என்றான். “மனசைத் தேத்திக்கோ கிளி” என்றார் அவர், நெஞ்சைப் பிழியும் குரலில். கிளி அழுதான். தான் சொன்ன வார்த்தைக்குத் தானே அழுகிறோம் என்று தெரிந்துதான் அழுதான்.

பிறகு சேனலுக்குப் புது மேனேஜர் வந்தாள். புது நடிகர்கள் வசனத்தைக் கைப்பேசியில் வாங்கி முந்தின நாளே மனப்பாடம் செய்தார்கள். தளத்தில் சத்தமாக ஒருவன் வாசித்துக்கொண்டு நிற்பது அவர்களுக்குத் தலைவலி. கிளி தேவைப்பட்ட ஒரே ஆள் பெரியப்பா. அவரும் இரண்டு வரிக்கு ஒருமுறை திணற ஆரம்பித்திருந்தார்.

“கதையில அவரைக் கோமால படுக்க வெச்சிடலாம்னு எழுதறவங்க சொல்றாங்க” என்றாள் மேனேஜர். “கட்டில், போர்வை, கண்ணை மூடிட்டு இருந்தாப் போதும். வசனமே வேண்டாம்.”

“அப்ப நான்?” என்றான் கிளி.

“வசனம் இல்லாதவருக்கு வசனம் சொல்ல ஆள் எதுக்குண்ணா? சரி, அவரோட பிறந்தநாளுக்கு ரசிகர்கள் எடுக்கிற விழாவுக்கு நானும் வரேன். மேடையில தெம்பா ஒரு பத்து நிமிஷம் பேசட்டும். பேசிட்டார்னா எழுந்து நடமாடுற கதையாவே வெச்சுக்கலாம்.”

ஆக அவர் பேசினால் இவனுக்குப் பிழைப்பு. இல்லாவிட்டால் இருவருக்கும் கட்டில்தான். அவருக்குக் கதையில், இவனுக்கு வீட்டில்.

விழா எடுத்தது ரசிகர் மன்றம். மன்றத் தலைவி ஓய்வுபெற்ற தபால்கார அம்மா. தெருத்தெருவாக நடந்து தேய்ந்த கால், இப்போது பெரியப்பாவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தது. மண்டபத்தில் மேடை அகலத்துக்கு அவர் முகம் போட்ட பேனர். பெரியப்பாவின் நாற்காலி வடிவத்தில் கேக். அவர் இதுவரை அழுத அழுகைகளை ஒன்றாகத் தொகுத்துத் திரையில் போட்டார்கள். எல்லாரும் சந்தோஷமாக அழுதார்கள்.

கிளி பேனருக்குப் பின்னால் நின்றான். மைக்செட்காரன் பெரியப்பாவின் காதுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கருவியைச் செருகி, கிளியின் கையில் ஒரு குட்டி மைக்கைக் கொடுத்திருந்தான். பேனர் ஓரத்து இடைவெளியில் பெரியப்பாவின் வலது பக்கம் மட்டும் தெரிந்தது. முன்வரிசையில் மேனேஜர், கால்மேல் கால்.

பேச்சைக் கிளியே எழுதியிருந்தான். அவன் வாழ்க்கையில் தன் வார்த்தையைத் தானே வாசித்தது அன்றைக்குத்தான். கடைசியில் ஒரு வரியைச் செருகி வைத்திருந்தான்: ‘எனக்குப் பின்னால நின்னவங்களை நான் மறந்ததில்லை.’ யாரும் கவனிக்கப்போவதில்லை. அவனுக்கு ஒருமுறை அது காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பா பிரமாதமாகப் பேசினார். ஒரு திணறல் இல்லை. கிளி உயிரில்லாமல் அனுப்பியது அவர் வாயில் உயிரோடு வெளியே வந்தது. மேனேஜர் காலை இறக்கிவைத்து முன்னால் சாய்ந்து கேட்டாள். இன்னும் நாலு வரிதான் பாக்கி.

அப்போது அவருடைய வலது கை கேக் வைத்த மேஜையின் விளிம்பிலிருந்து வழுக்கி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. தன் கை என்றே தெரியாதவர் போல் விட்டுவிட்டார். உதட்டின் இந்தப் பக்க ஓரம் மெல்லக் கீழே இறங்கியது.

மண்டபத்தில் அதைக் கவனித்தவன் ஒருவன்தான். அது என்னவென்று தெரிந்தவனும் அவனேதான். இருந்தும் கிளியின் வாய் நிற்கவில்லை. இன்னும் நாலு வரி, முடித்துவிடட்டும் என்று ஒரு நினைப்பு. மேனேஜருக்குப் பயந்தா, அந்தக் கடைசி வரிக்கு ஆசைப்பட்டா என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வந்தது. நாலு வரியையும் அதே சுருதியில் அனுப்பினான்.

“எனக்கு... பின்னால... நின்னவங்களை...” குழறியபடி சொன்னார் பெரியப்பா. நாக்குப் புரளாததை மண்டபம் நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டது. தபால்கார அம்மா மூக்கைச் சிந்தினாள்.

முடிந்தவுடன் கிளி கையைத் தட்டினான். நிறுத்துங்கள், இது வசனம் இல்லை என்று தட்டினான். பேனருக்குப் பின்னாலிருந்து கேட்ட அந்தக் கைதட்டலுக்காகவே காத்திருந்ததுபோல் மொத்த மண்டபமும் எழுந்து நின்று தட்டியது. அந்த இரைச்சலில் அவனுடையது எங்கே என்று யார் கண்டது? வேறு வழியில்லாமல் மைக்கில் சொன்னான்:

“அய்யா, உட்காருங்க.”

“அய்யா... உட்காருங்க” என்றார் பெரியப்பா கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் கீழ்ப்படிந்து உட்கார்ந்தது.

“உங்களுக்கு உடம்பு சரியில்லை.”

“உங்களுக்கு... உடம்பு...” முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பெரியப்பாவின் குறும்பு என்று நினைத்திருப்பார். கிளி பேனரைக் கிழித்துக்கொண்டு, சரியாக அவர் படத்தின் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு, வெளியே வந்தபோது அவர் கேக்கின் மேல் சாய்ந்துகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, “முதல் அறிகுறி தெரிஞ்சதும் யாராவது கூட்டிட்டு வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. யார் பக்கத்துல இருந்தது?” என்றார்.

“பக்கத்துல யாரும் இல்லைங்க. மேடையில தனியாத்தான் நின்னார்” என்றாள் தபால்கார அம்மா. அது உண்மைதான். கிளி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கதையில் பெரியப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். போர்வைக்குள் படுத்திருந்தது லைட்மேன், முகத்தைக் காட்டவில்லை. கிளியிடம் யாரும் வராதே என்று சொல்லவில்லை. தளத்து வாசலில் கம்பெனி வண்டி ஓட்டுகிறவர்தான், “எதுக்குண்ணே வர்ற?” என்றார். அதற்குப் பிறகு கிளி போகவில்லை. மனைவி கொடுத்த சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டான். விழாவின் கடைசிக் காட்சி கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றியது. சரிந்து விழும் நேரத்திலும் ரசிகர்களை உட்காரச் சொன்னாரே, உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று அவர்களுக்காகக் கவலைப்பட்டாரே, அந்த மனசு யாருக்கு வரும் என்று தபால்கார அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

மாதங்கள் கழித்துப் பெரியப்பாவின் மனைவி ஆள் அனுப்பினார். ஜன்னலோரச் சக்கர நாற்காலியில், மீசை இல்லாமல், யாரோ போல் அவர் உட்கார்ந்திருந்தார்.

“தானா ஒரு வார்த்தை வரமாட்டேங்குது தம்பி” என்றார் அந்த அம்மா. “நாம சொன்னா அப்படியே திருப்பிச் சொல்றார். பயிற்சி குடுக்க வந்த பொண்ணு, தினமும் யாராவது சொல்லச் சொல்ல இவர் சொல்லணும்னு சொல்லுச்சு. எனக்கு உங்களைத் தவிர யாரைத் தெரியும்? இருங்க, டீ போட்டுட்டு வரேன்.”

கிளி வழக்கம்போல் கொஞ்சம் தள்ளி, அவர் பார்வை படும் இடத்தில் நின்றான். இந்த முறை கையில் காகிதம் இல்லை.

“அன்னைக்கு வாய் கோணினதை நான் பார்த்தேன்” என்றான், காபி ஆறிப்போச்சு என்கிற அதே குரலில்.

“அன்னைக்கு... வாய் கோணினதை... நான் பார்த்தேன்.”

“பார்த்தும் நிறுத்தல.”

“பார்த்தும்... நிறுத்தல.” அவர் கண் நிறைந்தது. குரல் உடைந்தது. கிளியால் ஒருநாளும் கொண்டுவர முடியாத அந்தத் துயரம், அரை நாக்கில், அவருக்கு வந்தது.

“நாலு வரிதானேன்னு விட்டுட்டேன்.”

அதையும் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்ததற்காகக் கிளியின் முகத்தைப் பார்த்தார். அடுத்தது என்னவென்று கிளிக்குத் தெரியும். ‘மன்னிச்சுட்டேன்’ என்று இவன் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் போதும், அவர் கல்லும் கரையச் சொல்லிவிடுவார். அண்ணன் செத்த அன்றைக்கு வாங்கிக்கொண்டதுபோல் இதையும் வாங்கிக்கொண்டு போகலாம். கிளி வாயை இறுக மூடிக்கொண்டான். அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

அடுக்களையிலிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, இவ்வளவு நல்லாப் பேசுறார்? சொந்தமாவா?”

“இல்லம்மா. வசனம்.”

“எந்த வசனம்? நான் ஒருநாள் விடாம பார்த்தவளாச்சே. கேட்ட மாதிரியே இல்லையே.”

“இது ஒளிபரப்பாகலம்மா.”

“எதுவா இருந்தா என்ன? இதுலதான் அவருக்கு நாக்கு நல்லாப் புரளுது” என்றார் அந்த அம்மா. கையில் கரண்டி, முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு. “தினமும் இதையே சொல்ல வைங்க தம்பி. இப்ப இன்னொரு தடவை. நானும் கேக்கிறேன்.”

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து கிளியைப் பார்த்தார். கிளி தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.