சரிவு தேடாமல் ஒரு பயணம்: நாகமலை புதுக்கோட்டையிலிருந்து திருமங்கலத்துக்கு அப்பால்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வந்தவர்கள் எழுதுகிற இடத்தில், நான் மதுரையைச் சுற்றி ஓட்டிய 92 கிலோமீட்டரைப் பற்றி எழுதப் போகிறேன். ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை 18 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை 74. வழியில் அருவியும் இல்லை, பனிமூட்டமும் இல்லை. ஆனால் இரண்டு வருடமாக என்னால் செய்ய முடியாத ஒரு காரியத்தை இந்தப் பயணத்தில் செய்தேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன்.

பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மற்றவர்களுக்கு விளக்குகிறேன்.

என் வண்டி ஒரு அரசுத் துறை ஏலம் விட்டபோது எடுத்தது. இருபத்திநான்கு வோல்ட் வண்டி, அதாவது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டியில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடரிணைப்பில் இருக்கும். ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தினேன். துறைத் தலைவர் பதவி என்னைவிட ஒன்பது வருடம் இளையவருக்குப் போனபோது வேலையை விட்டுவிட்டு, வந்த பணத்தில் வாங்கிய வண்டி இது. அவர்கள் எனக்குத் தராத நாற்காலிக்குப் பதிலாக நானே வாங்கிக்கொண்ட இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் என் தங்கை சாந்தியின் மகனுக்குத் திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தினார்கள். சீர் இறக்கி, சாப்பிட்டு, கிளம்பலாம் என்று சாவியைத் திருகினால் வண்டி முனகியது, எடுக்கவில்லை. சாந்தியின் கணவர் செல்வம் மொய் எழுதும் மேசைப் பக்கம் இருந்த மைக்கை வாங்கி அறிவித்தார்.

“வாசல்ல வாத்தியார் வண்டி மல்லாந்துருச்சு. தள்ளத் தெம்பு இருக்குற எளவட்டங்க நாலு பேரு ஒடனே வரவும். மொய் எழுதாதவுகளுக்கு முன்னுரிமை.”

மண்டபமே சிரித்தது. அதுவரை அழுதுகொண்டிருந்த பையன்கூடச் சிரித்தான் என்று பிறகு சொன்னார்கள். நான்கு பேர் தள்ளினார்கள், வண்டி எடுத்தது, வீடு வந்தேன். அன்றோடு முடிவு செய்தேன், இனி யாரையும் தள்ளச் சொல்வதில்லை என்று.

தள்ள ஆள் வேண்டாமென்றால் சரிவு வேண்டும். இறக்கத்தில் வண்டியை உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மதுரைக்கு மேற்கே சரிவு என்பது தங்கம். இரண்டு வருடத்தில் அத்தனையையும் படித்துவிட்டேன். என் வீட்டுத் தெரு நாகமலை அடிவாரத்திலிருந்து இறங்குவதால் பிரச்சினையில்லை. திருப்பரங்குன்றத்தில் ரயில்வே மேம்பாலத்தின் இறக்கம். திருமங்கலம் போகும் வழியில் ஒரு டீக்கடை, டீ மட்டம், ஆனால் வாசல் நல்ல சாய்வு. சாந்தியின் ஊரில் கண்மாய்க் கரை. கரையில் நிறுத்திவிட்டு அவள் வீட்டுக்கு அரை கிலோமீட்டர் நடந்து போவேன். காற்றாட நடந்து வந்தேன் என்று சொல்லிக்கொள்வேன்.

இந்த ஆவணியில் சாந்தி புதுவீடு குடிபுகுந்தாள். ஊருக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனைகளில் வீடு. கரிசல் பூமி, சாப்பாட்டு மேசை மாதிரித் தட்டை. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, கிரைண்டர், அரிசி மூட்டை, வாழைத்தார் என்று பிறந்த வீட்டுச் சீர் அத்தனையும் என் வண்டியில்தான் போக வேண்டும். கண்மாய்க் கரையில் இறக்கித் தலையில் சுமக்க முடியாது. வாடகை வண்டி பிடிக்கலாம் என்றாள் என் மனைவி. வாடகை வண்டியில் சீர் கொண்டுபோனால் செல்வம் மைக் இல்லாமலே பேசுவார். அதே மனிதர்கள் முன்னால், அதே வண்டி, தட்டையான தரையில் தானாக எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இனி அந்த வீட்டு விசேஷத்துக்குப் போகப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை 9.10க்குக் கிளம்பி, 9 கிலோமீட்டரில் உள்ள பழங்காநத்தம் பக்கத்துப் பேட்டரிக் கடைக்கு 9.40க்குப் போய்ச் சேர்ந்தேன். கடை வாசல் சமதளம். எஞ்சினை அணைக்காமலே இறங்கி விலை கேட்டேன். கடைக்காரர் முப்பது வயதுக்காரர், சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“அண்ணே, வண்டிய அமத்திட்டுப் பேசுங்க. புகை அம்புட்டும் கடைக்குள்ளதான் வருது.”

“அமத்துனா அது உங்க கடைச் சாமானாயிரும் தம்பி.”

புரிந்துகொண்டு சிரித்தார். இரண்டும் புதிதாகப் போட வேண்டும் என்றார், ஒன்று மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். அது எனக்கும் தெரியும். போன வருடம் தெரிந்தே ஒன்றை மட்டும் மாற்றி அனுபவித்தவன். பழையது இரண்டையும் எடுத்துக்கொண்டு, புதியது இரண்டுக்கும் சேர்த்து 12,400 ரூபாய். கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். முனைகளில் வாசலின் தடவுங்கள்.

மாட்டி முடித்துச் சாவியைத் திருகினோம். பழைய முனகல்தான்.

கடைக்காரர் முகம் வாடிப்போனது. பேட்டரி நல்ல பேட்டரிதான், ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்துப் பார்க்க வேண்டும், தெரிந்த ஆள் இருக்கிறார், திங்கட்கிழமை ஆகும் என்றார். எனக்குத் திங்கட்கிழமை இல்லை. இருக்கைக்கு அடியிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். அவரைச் சாவியைத் திருகச் சொல்லிவிட்டு அளந்தேன். திருகும்போதும் பேட்டரியில் 24 வோல்ட்டுக்குக் குறையவில்லை. நல்ல அறிகுறி போலத் தெரியும், ஆனால் அது கெட்ட அறிகுறி. பேட்டரி களைப்படையவில்லை என்றால் அதை யாரோ வேலை செய்ய விடவில்லை என்று பொருள். அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்தேன். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. ஏழு காட்டியது.

வண்டிக்கு அடியில் படுத்தேன். எஞ்சினையும் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டை ஒன்று, பின்னிய செம்புக் கம்பியில் செய்தது, கியர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் பாதை அது. அந்த போல்ட்டுக்கு அடியில் கெட்டியாகக் கறுப்புப் பெயிண்ட்.

படுத்தபடியே எல்லாம் விளங்கிவிட்டது. காதுகுத்துக்கு ஒரு வாரம் முன்புதான் எஃப்சிக்காக, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்காக, சேசிஸ் முழுக்கப் பெயிண்ட் அடித்தோம். நம் பக்கத்தில் எஃப்சி என்றாலே பெயிண்ட்தான். ஒரு போல்ட் விடாமல் கழற்றி, அடியிலும் அடித்து மாட்டு என்று பெயிண்டர் பக்கத்தில் நின்று சொன்னவன் நான். அவர் “போல்ட்டுக்குக் கீழ எதுக்கு சார்?” என்று கேட்டதும் நினைவிருக்கிறது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்று வருடா வருடம் முதலாமாண்டு மாணவர்களுக்குச் சொன்ன வாய் இது. வண்டி ஓடும்போது பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் அனுப்பும் மின்சாரத்துக்கும் அதே பாதைதான் என்பதால், இரண்டு வருடமாகப் பேட்டரிகள் அரை வயிற்றோடு கிடந்து செத்திருக்கின்றன. பேட்டரிக் கம்பெனியைத் திட்டினேன், பழைய மெக்கானிக்கைத் திட்டினேன், அவரோடு பேச்சையே நிறுத்தினேன். மற்றவர்களைத் திட்டியதில் தவறில்லை, வேறு காரணங்கள் இருந்தன. மெக்கானிக்கிடம் மட்டும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.

உப்புத்தாளால் உலோகம் மினுங்கும் வரை தேய்த்து, 280 ரூபாய்க்குப் புதுப் பட்டை வாங்கி மாட்டினேன். கடைக்காரர் சாவியைத் தொட்டார். தொட்டதுமே எடுத்தது. மீட்டரில் கால் வோல்ட்.

“என்ன வேலைண்ணே பாக்குறீக?” என்றார்.

“ஒரு வேலையும் பாக்கல,” என்றேன். இத்தனை வருடத்தில் அதை வெட்கமில்லாமல் சொன்னது அன்றுதான்.

மத்தியானம் வீட்டில் மற்ற பராமரிப்பு. எஞ்சின் ஆயில் ஏழு லிட்டர், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், எல்லாம் சேர்த்து 4,650 ரூபாய். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும், அமுங்கியது. கிரீஸ் அடித்து, ரேடியேட்டர் தண்ணீர் பார்த்து, ஐந்து டயரிலும் காற்று சரிபார்த்து முடிக்கையில் மணி ஐந்தரை.

ஞாயிறு அதிகாலை 4.30க்கு நானும் மனைவியும் கிளம்பினோம். திருமங்கலம் 21 கிலோமீட்டர், 5.05க்குத் தாண்டினோம். சாய்வு வாசல் டீக்கடையில் நிறுத்தவில்லை, அதற்கே மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து 16 கிலோமீட்டர், கடைசி நான்கு குண்டும் குழியுமான தார்ச்சாலை. 5.40க்கு டியூப்லைட் வெளிச்சத்தில் வீடு தெரிந்தது. பந்தல், ஒலிபெருக்கி, வாசலில் கோலம். வீட்டுக்கு இடப்புறம், அந்தத் தட்டை நிலத்தில் கொஞ்சமும் பொருந்தாமல், ஒரு மண் மேடு. ஒரு பக்கம் ஏற்றமாகவும் மறுபக்கம் நீண்ட இறக்கமாகவும் மட்டம் தட்டியிருந்தது.

சாந்தி ஓடி வந்தாள். “அண்ணே, வண்டிய அந்த மேட்டுல ஏத்தி நிறுத்திக்க. ஒனக்குன்னே போட்டது. ரெண்டு லோடு கிராவல்.”

“அது ஒனக்கு எப்பிடித் தெரியும்?” என்றேன். என் சரிவு விஷயம் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

“தெரியாமயா இருக்கும்? கம்மாக் கரையில நிறுத்திட்டு நடந்து வருவ. கேட்டா காத்து வாங்குறேம்ப. உச்சி வெயில்ல எவனாச்சும் காத்து வாங்குவானா?”

பின்னால் நின்ற செல்வம், வெள்ளிக்கிழமையே டிராக்டரை விட்டு மிதித்துக் கெட்டியாக்கிவிட்டதாகச் சொன்னார். “ஏத்துங்க மச்சான், கௌரவம் பாக்காதீக.”

பார்த்தேன். வாசலுக்கு நேர் எதிரே, சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். சாந்தியின் முகம் சுருங்கியதைப் பார்த்தும் பார்க்காதது போலச் சீரை இறக்கினேன்.

ஆறு மணி முகூர்த்தம் நன்றாக நடந்தது. பத்தரைக்குச் சாப்பாடு முடிந்தது. ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் வண்டி எடுத்தால் பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்காது. மைக் செட்காரரிடம் போய் ஒரு நிமிடம் பாட்டை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். சத்தம் நின்றால் நம் ஆட்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், பார்த்தார்கள். வண்டியில் ஏறினேன். இரண்டு வருடம் என் விரல் நுனியில் இருந்தது. திருகினேன். அரைச் சுற்றுக்கூட இல்லை, எடுத்துவிட்டது. அணைத்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடியும்.

செல்வம் மைக்கை எடுத்தார்.

“மச்சான், ஒருக்கா போதும். வண்டி நல்லாருக்குன்னு ஊருக்கே கேட்டுருச்சு.”

சிரித்தார்கள். இந்த முறை அது என்னைத் தைக்கவில்லை. அதற்காகப் பழையதை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

சாந்தி மட்டும் சிரிக்கவில்லை, அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, மேட்டின் உச்சிக்கு ஏற்றினேன். அணைத்துவிட்டு இறங்கி, இன்னொரு காப்பி கேட்டேன். பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பும்போது ஸ்டார்ட்டரைத் தொடவில்லை. பிரேக்கை விட்டேன், உருண்டது, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன், பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் சாந்தி கை காட்டுவது தெரிந்தது.

இதே வழியில் பழைய வண்டியோடு போகிறவர்களுக்கு: பேட்டரி வாங்கும் முன் எர்த்தை அளந்து பாருங்கள், நூறு ரூபாய் மீட்டரே போதும். எஃப்சிக்குப் பெயிண்ட் அடிப்பவரிடம் எர்த் போல்ட்டை விடச் சொல்லுங்கள், அவர் கேள்வி கேட்டால் காதில் வாங்குங்கள். பேட்டரி 12,400, பட்டை 280, ஆயிலும் ஃபில்டரும் 4,650, இரண்டு நாள் டீசல் 860. இரண்டு லோடு கிராவல் என்ன விலை என்று நான் கேட்கவில்லை.