இரண்டு ஸ்டியரிங் பஸ்

ரோசலின் மலேசியாவின் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். தினமும் இருபது பிள்ளைகளை வாயாலேயே அடக்கிக் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். அவளுக்கு அடங்காத பிள்ளைகள் இரண்டே இரண்டுதான்: அவளுடைய சொந்த அண்ணன் கென்னத், தம்பி கிளாரன்ஸ்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் இருந்த கட்சி இரண்டாக உடைந்தது. அண்ணன் ஓர் அணி, தம்பி இன்னோர் அணி. கிளைக் கூட்டத்தில் நாற்காலி வீசிக்கொண்ட நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கட்சிகூடப் பிறகு ஒட்டிக்கொண்டது, இவர்கள்தான் ஒட்டவில்லை.

எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் மகள் பெர்னிஸுக்குக் கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. அப்பா இல்லாத பெண்ணைத் தாய்மாமன்தான் கைபிடித்துச் சர்ச்சில் ஆல்டர்வரை கூட்டிப் போகவேண்டும். பெர்னிஸ் இரண்டு மாமன்களும் ஆளுக்கொரு பக்கம் வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். “அவன் வந்தா நான் வரல” என்று இருவரும் தனித்தனியே சொன்னார்கள். அதில் மட்டும் என்ன ஒற்றுமை!

நேரில் சொன்னால் சண்டை. அதனால் சர்ச் விழாவுக்கு ரோசலின் ஒரு நாடகம் எழுதினாள். அவளுக்குத் தெரிந்தது வண்டி. எனவே கதையும் ஒரு பஸ். அதற்கு இரண்டு ஸ்டியரிங், இரண்டு டிரைவர்கள். ஒருவன் பிரிக்பீல்ட்ஸ் என்றால் மற்றவன் அம்பாங் என்பான். பயணிகளில் பாதிப் பேர் இவனுக்குக் கைதட்ட, மீதிப் பேர் அவனுக்குத் தட்டுவார்கள். பஸ் மட்டும் நகராது. பின் சீட்டில் இரும்புப் பெட்டியோடு காத்திருக்கும் கல்யாணப் பெண்ணாகப் பெர்னிஸே நடித்தாள்.

விழாவன்று முதல் வரிசையில் அண்ணனை ஒரு கோடியிலும் தம்பியை மறு கோடியிலும் உட்கார வைத்தாள். சிரித்தார்கள் பாருங்கள், இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்! திரைக்குப் பின்னால் நின்ற ரோசலினுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

முடிந்ததும் கென்னத் மேடைக்குப் பின்னால் வந்தார். “சூப்பர் லா தங்கச்சி! அந்தக் கிளாரன்ஸை நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்ட!”

அவர் வாய் மூடவில்லை, மறு கதவு வழியே கிளாரன்ஸ் நுழைந்தான். “அக்கா, அண்ணனுக்கு இது வேணும். அச்சு அசல் அவரேதான்!” என்றவன், அங்கே அண்ணனைப் பார்த்து அப்படியே நின்றான்.

ரோசலினுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. “ஸ்டியரிங் ரெண்டு வச்சேனே! ஆளுக்கு ஒன்னு புடிச்சிருக்கீங்கன்னு ரெண்டு பேருக்குமே தெரியலையா? பின்னாடி ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தாளே, அவ யாருன்னாவது பார்த்தீங்களா?”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பெர்னிஸ் வேடம் கலைக்காமல் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

“மாமா, கல்யாணம் வர்ற சனிக்கிழமை,” என்றாள். பெட்டியை விட்டு எழுந்து நின்றாள்.

கென்னத் அவளருகே போனார். குனிந்து பெட்டியின் ஒரு பிடியைப் பிடித்தார்.

“விடுங்கண்ணே, ஒங்களுக்கு இடுப்பு வலி,” என்றான் கிளாரன்ஸ். ஆறு வருஷத்தில் முதல் பேச்சு அது. சொல்லிக்கொண்டே மறு பிடியை அவன் பிடித்தான்.

அது காலிப் பெட்டி, ஒருவரே தூக்கிவிடலாம். கார் நிறுத்திய இடம்வரை இருவருமே பிடியை விடவில்லை.