வேணி கடைந்த பிஸ்டன்

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் வேணிக்கு அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. ஏன் இருக்க வேண்டும்? போர்வெல் மோட்டாரின் தண்டு, லாரி புஷ், டிராக்டர் பின் என்று ஊர் வேலை அத்தனையும் பார்க்கிறவள்தான். ஆனால் என்ன தொழில் என்று யாராவது கேட்டுவிட்டால் அதில் ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டாள். "பழைய பைக்குக்கு பிரேக் பிஸ்டன் கடையிறேங்க. பூனாவுல ஓடுது, கொச்சியில ஓடுது. எல்லாம் நம்ம பெரம்பலூர் சரக்கு" என்பாள். கேட்டவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாலும் விடமாட்டாள், உள்ளே கூப்பிட்டு ஒன்றைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வாள்.

ரஞ்சன்குடிக்குப் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம் அவளுடையது. ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் சேர்ந்தபோது அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். தையல் படித்தால் ஆகாதா என்று சொந்தக்காரர்கள் இழுத்தார்கள். "எனக்குத் துணி வெட்ட வராது, இரும்பு வெட்ட வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அரியலூரிலிருந்து சிமெண்ட் லோடு அடிக்கும் தமிழழகன் அவளைக் கட்டிக்கொண்டான். அவன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்: "கல்யாணமான புதுசுல ஆசையா தலையைத் தடவுறான்னு நெனச்சேன் சார். பாத்தா ஒரு முடியைப் புடுங்கி மைக்ரோமீட்டர்ல வச்சு அளக்குறா!"

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முன்சக்கரத்து டிஸ்க் பிரேக்கில், காலிப்பர் என்கிற கூட்டுக்குள் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு பிஸ்டன் இருக்கும். லீவரைப் பிடித்தால் அது முன்னே வந்து டிஸ்க்கை அழுத்தும். விட்டால், அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் துரு ஏறிவிட்டால் அந்தப் பிஸ்டன் கெட்டுவிடும். புதிதாக வாங்கலாம் என்றால் செய்த கம்பெனியே அந்த வண்டியை மறந்து போயிருக்கும். அதைத்தான் வேணி துருப்பிடிக்காத எஸ்.எஸ். ராடில் கடைகிறாள். பிஸ்டனுக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு தலைமுடி கனத்துக்குத்தான் இடம் இருக்கலாம். அதற்குமேல் இருந்தால் ஒழுகும், இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ளும். கடைந்த சூட்டோடு அவள் ஒருநாளும் அளக்க மாட்டாள். சூட்டில் உலோகம் விரிந்திருக்கும், ஆறியதும் அளவு ஏமாற்றிவிடும். அதனால் கடைந்ததைத் துணிமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். எந்தக் கொம்பன் அவசரப்படுத்தினாலும் சரி, டீக்கு அப்புறம்தான் அளவு.

இந்த வேலையை அவளுக்குத் தொடங்கி வைத்தது ஜெயங்கொண்டம் பாலசுந்தரத்தின் வண்டி. முந்திரித்தோப்புக்காரர் அவர். அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் பைக் அது. அதன் பிரேக்கைத் தூக்கிக்கொண்டு அவர் திருச்சிவரை அலைந்தார். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு, "பிரேக் சமாச்சாரம், ஆளை விடுங்க" என்றார்கள். வேணி ஒருத்திதான் வாங்கி வைத்தாள். அந்தப் பிஸ்டன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் மற்ற ஊர்க்காரர்கள் வந்தார்கள்.

அந்த வண்டிதான் இந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு பாலசுந்தரத்தைக் கீழே தள்ளியது. கடைத்தெருவை நெருங்கும்போது முன்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டதாம். மனிதருக்குத் தோளுக்குப் பக்கத்தில் காறை எலும்பு விரிசல். அவருடைய மனைவி சாந்தா சும்மா இருப்பாரா? கடைத்தெருவில் நின்று, பாத்திரக்கடையில் ஆரம்பித்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்படி வேணியைக் காய்ச்சி எடுத்தார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. போனிலும் பேசி அனுப்பிவிட்டார்: "அந்தப் பெரம்பலூர்க்காரி கடைஞ்ச பிஸ்டன்தான் எம் புருஷனைச் சாய்ச்சுது. உசுரு வேணும்னா யாரும் வாங்காதீங்க!" பழைய பைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவெல்லாம் அந்தக் குரல் சுற்றி வந்தது. கொச்சிக்காரர் தன் வேலை கொஞ்சம் பொறுத்து நடக்கட்டும் என்று மரியாதையாக எழுதினார். பூனாக்காரர் எழுதவே இல்லை.

வேணி டீக்கடையில் வைத்தே சொன்னாள். "எம் பிஸ்டன் மேல தப்புன்னா இன்னையோட பிரேக் வேலையை விட்டுடுறேன். போர்டுலேருந்து பேரையும் எடுத்துடுறேன்!"

"ஏண்டி, ஊரைக் கூட்டி வச்சா சபதம் போடுவ?" என்றான் தமிழழகன்.

"ஊரைக் கூட்டி வச்சுத்தானே என்னையப் பேசுனாங்க?"

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, உள்ளுக்குள் அவளுக்கே சந்தேகம். அவள் கடைந்த முதல் பிரேக் பிஸ்டன் அது. கை பழகாத நேரத்தில் கொஞ்சம் பருமனாக விட்டுத் தொலைத்தோமோ என்ற நினைப்பு அவளைத் தின்றது. போன எலும்பு கூடிவிடும், போன பேர் கூடுமா என்று அழுதேவிட்டாள். மறுநாள் விடிந்ததும் மைக்ரோமீட்டரையும் பிரேக்குக்கு ஒரு புது ரப்பர் சீலையும் பையில் போட்டுக்கொண்டு அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் பஸ் ஏறினாள்.

பாலசுந்தரம் கையைத் தூளியில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வா தங்கச்சி" என்று அவர் எழுவதற்குள் சாந்தா வாசலை மறித்துக்கொண்டார்.

"வாம்மா. மிச்சம் இருக்குற எலும்பையும் ஒடைச்சுட்டுப் போகலாம்னு வந்தியா?"

வேணிக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். "வண்டியப் பிரிச்சுப் பாப்போம்க்கா. எம்மேல தப்புன்னா, நீங்க பேசுனதையே நானும் பேசி எல்லாருக்கும் அனுப்புறேன்."

உள்ளூர் மெக்கானிக் மதுரைவீரன் வந்து காலிப்பரைக் கழற்றினான். பக்கத்து வீட்டுக்காரர்களும் கொட்டகையில் கூடிவிட்டார்கள். பிஸ்டன் லேசில் வரவில்லை. அவன் மூச்சைப் பிடித்துத் திருகி இழுத்த பிறகுதான் வந்தது. "பாத்தீங்களா, எப்படிப் புடிச்சிருக்குன்னு!" என்று யாரோ சொல்ல, எல்லாக் கண்ணும் வேணி பக்கம் திரும்பியது. வண்டி காலையிலிருந்து வெயிலில் நின்றதால் பிஸ்டன் சுட்டது. அவள் அதைத் துடைத்து நிழலில் ஒரு துணிமேல் வைத்தாள்.

"கொஞ்சம் ஆறட்டும். டீ குடிச்சிட்டு அளக்கலாம்."

"ஐயையே! வந்த எடத்துல டீ வேற கேக்குது" என்றார் சாந்தா. ஆனாலும் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து டம்ளரை ணங்கென்று வைத்தார். இஞ்சி தட்டிப் போட்ட நல்ல டீ. கோபத்திலும் அதில் குறை வைக்கவில்லை.

டீக்கு அப்புறம் வேணி மைக்ரோமீட்டரை எடுத்தாள். சுற்றிச் சுற்றி அளந்தாள். எங்கே வைத்தாலும் அதே அளவு, அவள் பட்டறையை விட்டு அனுப்பிய அளவு. மதுரைவீரனிடம் கொடுத்தாள், அவனும் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"அளவு சரின்னா அப்புறம் ஏன் புடிச்சுதாம்?" என்றார் சாந்தா. நியாயமான கேள்விதானே?

வேணி கூட்டுக்குள் இருந்த ரப்பர் சீலைக் கழற்றிவிட்டு, வெறும் கூட்டின் வாயில் பிஸ்டனை வைத்துக் கையை எடுத்தாள். அது மெதுவாக, தன் கனத்திலேயே அடிவரைக்கும் இறங்கியது. கவிழ்த்தாள், உள்ளங்கையில் வந்து விழுந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று மறுபடியும் செய்து காட்டினாள். பிறகு கழற்றிய ரப்பர் சீலையும் புது சீலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையது ஊறிப் பருத்துக் கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தாள்.

"அண்ணே, ஆயுத பூஜைக்கு வண்டிக்கு என்ன பண்ணுனீங்க?"

பாலசுந்தரத்துக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது. "என்ன பண்ணலைன்னு கேளு! டீசல் போட்டுக் கழுவி, தேங்கா நார் வச்சுத் தேச்சு, என்ஜின் ஆயில் தடவி, சந்தனம் குங்குமம் வச்சேன். அந்த பிரேக் இடுக்கு இருக்கு பாரு, அதுக்குள்ளாற மட்டும் பிரஷ்ஷால ரெண்டு தரம் ஆயில் வுட்டேன். ஒம் பிஸ்டன் ஆச்சே, துரு ஏறிடக் கூடாதுல்ல? டிஸ்க்குல ஒரு சொட்டு படலியே! அதுகூடத் தெரியாதவனா நானு?"

வேணி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அண்ணே! டீசலும் ஆயிலும் பட்டா இந்த ரப்பர் ஊதிடும்ணே. ஊதுன ரப்பர் பிஸ்டனை எப்படித் திரும்ப வுடும்?"

கொட்டகையில் சிரிப்பு கிளம்பியது. சாந்தா புருஷன் பக்கம் திரும்பினார். "ஏங்க, இத்தனை நாளா குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருந்தீங்களே, இதை ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான் ஊரெல்லாம் ஏலம் போட்டுட்டு வந்திருக்கேன்!"

"நல்லதுதானே பண்ணுனேன்னு…" என்று இழுத்தார் மனிதர்.

வேணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தக் கிண்ணத்தை ஜெயங்கொண்டம் முழுக்கத் தூக்கிக் காட்ட வேண்டும் போல இருந்தது. இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட அவளுக்கு மனமில்லை. "ஆயில் படக் கூடாதுன்னு அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்க்கா. சொல்லாதது எந் தப்பு. ஆனா பிஸ்டன் தப்பில்ல. அது தங்கம்."

கூட்டை ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் சுத்தம் செய்து, புது சீலோடு அதே பிஸ்டனை அவளே மாட்டினாள். மதுரைவீரன் அந்த ரப்பருக்கு ஒத்துக்கொள்கிற பிரேக் ஆயிலை ஊற்றி, குழாயில் நின்ற காற்றை எடுத்துக் கொடுத்தான். எல்லாம் முடிந்தும் சாந்தா விடவில்லை.

"அளந்த, மாட்டுன, எல்லாம் சரி. எங்கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டு. நானும் பின்னாடி ஏறுறேன்."

"ஏய், ஒனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று பதறினார் பாலசுந்தரம்.

"நீங்க வாயைத் தொறக்காதீங்க."

வீட்டிலிருந்த ஹெல்மெட் இரண்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முந்திரித்தோப்பு ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, சொல்லிவிட்டே வேணி லீவரைப் பிடித்தாள். வண்டி அசையாமல் நேராக நின்றது. சாந்தா இறங்கினார். வேணியை நியூட்ரலில் போடச் சொல்லிவிட்டு, பின்னால் போய் இரண்டு கையாலும் வண்டியைத் தள்ளினார். முன்சக்கரம் உரசல்கூட இல்லாமல் உருண்டது. இன்னொரு தரம் பிடிக்கச் சொன்னார், விடச் சொன்னார், தள்ளினார். உருண்டது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஏறி உட்கார்ந்து, வேணியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வூட்டுக்குத் திரும்பாத. நேரா கடைத்தெருவுக்கு வுடு."

"எதுக்குக்கா?"

"நான் பேசுனதைக் கேட்டவங்க அத்தனை பேரும் இருக்காங்கல்ல. ஒவ்வொரு கடை வாசல்லயும் புடிச்சுப் புடிச்சு நிறுத்து. நான் எறங்கிச் சொல்லிட்டு வரேன்."

வேணி கியரைப் போட்டாள். பாத்திரக்கடை வாசலில்தான் முதல் பிரேக்.