பொட்டுக்குப் பொட்டு

தேய்ந்துபோன அந்தக் கேம்ஷாஃப்ட்டை அண்ணி கொண்டுவந்து வைத்தது சாப்பாட்டு மேசையின் மேல். முழங்கை நீள இரும்புத் தண்டு. அதில் முட்டைபோலத் துருத்திக்கொண்டிருக்க வேண்டிய மேடுகளில் ஒன்று மழுங்கிப்போயிருந்தது. அந்த மேடுதான் என்ஜினின் வால்வைத் தூக்கித் திறக்க வேண்டுமாம். "இது தூக்கலன்னா என்ஜினு எப்படி தம்பி மூச்சு விடும்?" என்றார். எண்ணெய்க் கறை சாம்பார்க் கிண்ணம்வரை வந்துவிட்ட எரிச்சலில், அது மூச்சு விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றியது.

அண்ணிக்கு அப்படி இல்லை. திருவாரூருக்குக் கிழக்கே, கடைமடையில் இருக்கிறது எங்கள் நிலம். ஆற்றில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் பொறுமையே போய்விடும். குறுவை நாற்றுக்கு ஆழ்குழாயில் மாட்டிய டீசல் என்ஜின்தான் கதி. அது படுத்துவிட்டது. நாற்றின் நுனி கருகத் தொடங்கியிருந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன், இதுதான் சாக்கென்று, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று போனில் ஒற்றைக்காலில் நின்றார். இந்த ஒரு போகத்தைத் தானே செய்து காட்டுவதாக ஏற்கெனவே அவரிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருந்தவர் அண்ணி. நாற்று போனால் நிலமும் கை மாறும். மெக்கானிக்கோ அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் வந்து வைக்கோலுக்கா தண்ணீர் பாய்ச்சுவார்?

இன்று அண்ணி ஸ்பேனரோடு வயலுக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று பூதலூரிலிருந்து வாழ வந்த மருமகளுக்குத் தெரிந்த மெஷின்கள் மிக்ஸியும் தையல் மெஷினும்தான். கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, கழற்றிய போல்ட்டுகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைத்தார். புதுத் தண்டை விற்ற கடைக்காரர் சொன்னது ஒன்றே ஒன்று. உள்ளே இரண்டு பல்சக்கரங்களும் கூடும் இடத்தில், "பொட்டுக்குப் பொட்டு நேரா வச்சு மாட்டுங்க."

வயலில், கை கழுவிவிட்டு வந்து அண்ணி என்ஜினைப் பார்த்தபோது, ஒவ்வொரு சக்கரத்திலும் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. எவ்வளவு நல்ல மனிதர்கள், அடையாளம் போட்டே வைத்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போய், இரண்டையும் நேராக வைத்து மாட்டிவிட்டார். ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றினால், பாதியில் டக்கென்று முட்டி நின்றது. மறுபடியும் அதே இடத்தில் முட்டியது. அண்ணி வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நான் ஹேண்டிலைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

மோர்ச் செம்போடு வந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டு சக்கரத்துக்கும் நான்தான் சாமி கும்பிட்டு குங்குமம் வச்சு விட்டேனே, அப்புறமும் என்னடி அழுகை?" என்றார்.

அண்ணி சட்டென்று நிமிர்ந்தார். மூடியைத் திரும்பக் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் குங்குமத்தைத் துடைத்தார். கொஞ்சம் தள்ளி, பல்லின் மேல் ஆணியால் குத்தியதுபோல் ஒரு சின்னக் குழி. கடைக்காரர் சொன்ன பொட்டு அதுதான். கண்ணீரோடு அண்ணி சிரித்த சிரிப்பில், விஷயம் புரியாமலேயே அம்மாவும் சிரித்தார்.

இந்த முறை ஹேண்டில் முழுச்சுற்றும் வந்தது. என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. குழாயில் முதலில் காற்று, பிறகு செந்தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். அது நாற்றங்காலுக்குள் பாய்ந்துகொண்டிருக்கும்போதுதான் அண்ணனிடமிருந்து போன் வந்தது. சத்தத்தைக் கேட்டுவிட்டு, மெக்கானிக் எப்போது வந்தான் என்று கேட்டார்.

"உங்களுக்குக் கழுத்த நீட்டுன அன்னிக்கே வந்தாச்சுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் மெல்லக் கேட்டார்: "நடவுக்கு ஆள் சொல்லியாச்சா?"