பதினொரு வீடுகளுக்கு ஒரு மனு

எங்கள் ஊர் நகரசபை ஆபீஸில் கட்டட மனுக்களைப் பார்க்கும் குமாஸ்தாவாக நான் சேர்ந்தபோது இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருஷங்கள்தான் ஆகியிருந்தன. என் தகப்பனார் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி உபாத்தியாயர். நானும் உபாத்தியாயராக வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கோ பாடம் சொல்ல வாய் வரவில்லை, கோடு இழுக்கக் கை வந்தது. தினமும் காலையில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி நடந்து வந்து, மேஜையில் அளவு நாடாவையும் மைக்கூட்டையும் எடுத்து வைப்பேன். பிறகு பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

வீடு கட்ட அனுமதி கேட்பதை அன்று ஊரில் பலரும் அவமானமாக நினைத்தார்கள். “எங்க அப்பன் மண்ணுல நான் சுவரு வைக்க, எவன்கிட்ட போயிக் கேக்கணும்?” என்று என் முகத்துக்கு நேரேயே கேட்டவர்கள் உண்டு. வந்த மனுக்களும் இடிந்த மதிலை எடுத்துக் கட்ட, மாட்டுத்தொழுவத்துக்கு ஓடு போட என்கிற அளவில்தான் இருந்தன. இரண்டு மூன்று வருஷங்களில் அது மாறியது. ரயிலடிப் பக்கம் கடைகள் எழும்பின. பஞ்சு வியாபாரிகள் மாடி எடுத்தார்கள். ரங்கூனுக்கும் கொழும்புக்கும் போனவர்கள் அங்கிருந்தே கடிதத்தில் வீட்டின் அளவை எழுதி அனுப்பினார்கள். பழுப்புக் காகிதத்தில் கிறுக்கி வந்த பிளான்கள் போய், மெழுகுத்துணியில் சிவப்பு மையும் நீல மையுமாக வந்தன. எந்தத் தெருவில் என்ன எழும்பப் போகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஊர் அப்படி மாறிக்கொண்டிருந்த ஒரு வருஷம் பங்குனியில் பேட்டைக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் தீப்பிடித்தது. உச்சிவெயில் நேரம், நல்ல மேல்காற்று. வரிசையாக இருந்த பதினொரு ஓலை வீடுகளும் ஒருவர் அரிசி களைந்து உலையில் போடும் நேரத்துக்குள் எரிந்து விழுந்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடு ஒன்று செத்தது. பெட்டிகளும் துணிமணிகளும் போயின. நகரசபை கூடி, அந்தத் தெருவில் இனி ஓலைக் கூரை கூடாது, ஓட்டு வீடுதான் கட்ட வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் பிளான் போட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் சரியானதுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதைச் சரி என்றே சொல்வேன். ஆனால் நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான்.

அவர்கள் எல்லோரும் எதிர்ப்புறத்துப் புளியமரங்களின் அடியில் சாக்கு விரித்துக் குடியிருந்தார்கள். நான் நோட்டீஸை வாசித்துக் காட்டினேன். முடித்ததும் ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். உடன்குடிக் கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் சுமந்து வீடு வீடாக விற்பவள். அந்தத் தெருவில் அவள் சொல்தான் எடுபடும் என்பது அவள் எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

“ஐயா, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடணுமுன்னு போட்டிருக்கு?”

சொன்னேன்.

அவள் கையை நீட்டி இரண்டு பக்கமும் அளந்து பார்த்தாள். “அப்படி விட்டா மிச்சம் ஒரு கட்டிலு போடத்தான் இடம் இருக்கும். அடுப்ப எங்கன வைக்க?”

“சட்டம் அப்படித்தான் இருக்கு.”

“எங்க வீட்டுக்கெல்லாம் நடுச்சுவரு பொதுவாத்தான இருந்துச்சு. சுவரு பொதுவா இருக்கையில பிளானு மட்டும் எதுக்குத் தனித்தனியா கேக்குதிய?”

நோட்டீஸை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஆபீஸுக்குத் திரும்பி நடக்கும்போது பாதி வழியில் நின்றுவிட்டேன். அவள் கேட்டதில் இருந்த நியாயம் அப்போதுதான் உறைத்தது. பதினொரு வீட்டையும் ஒரே கட்டடமாக வைத்துக்கொண்டால் நடுவில் இடம் விட வேண்டியதே இல்லை. பின்புறம் ஒரு பொதுச் சந்து விட்டால் காற்றும் வரும், தண்ணீரும் போகும். ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க, நடுச்சுவர்களைக் கூரைக்கு மேலே ஒரு முழம் உயர்த்திவிட்டால் போதும். சட்டத்தில் இதைத் தடுக்கும் வரி ஒன்றுகூட இல்லை. ஆபீஸுக்கு வந்து இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டேன்.

பிளானை நானே வரைந்தேன். மனுதாரருக்குக் குமாஸ்தா வரைந்து கொடுக்கலாமா என்ற கேள்வி எழும் என்று தெரியும். ஆகவே அதை மனுவாக வைக்காமல், நகரசபையின் மாதிரி பிளானாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எழுதிச் சேர்மனிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வக்கீல். வாய் கொஞ்சம் கூர்மை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னவே, வீடா ரயிலா?”

“ரயிலுன்னே வச்சுக்கிடுங்க ஐயா. ஒரு பெட்டியில தீப்பிடிச்சா அடுத்த பெட்டிக்குப் போகாது.”

“நாளைக்கு ஒருத்தன் தன் வீட்ட மட்டும் விக்கணுமுன்னா?”

“நடுச்சுவருல பாதி அவனுக்கு, பாதி பக்கத்து வீட்டுக்கு. பத்திரத்துல எழுதிக்கிடட்டும்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் தாளை என்னிடம் திருப்பித் தரவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்.

அதற்குள் வேறொரு மனு என் மேஜைக்கு வந்தது. பஞ்சு வியாபாரி ஒருவர், எரிந்த வரிசையின் கிழக்குக் கோடியில் தமக்கு இருந்த காலி மனையில் பஞ்சு மூட்டைகளை அடுக்கி வைக்கக் கிட்டங்கி கட்டப் போவதாக. மெழுகுத்துணியில் அத்தனை அழகான பிளானை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முகப்பில் வளைவுகள், மேலே பூவேலை. பார்த்துக்கொண்டே இருந்தபோது தெருவை ஒட்டிய அளவு கண்ணில் பட்டது. அந்த மனையை நான் அறிவேன். அத்தனை நீளம் அதற்குக் கிடையாது.

அன்றைய சட்டத்தில், மனு வந்து குறித்த நாளுக்குள் ஆபீஸ் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே அர்த்தம். ஆகவே மறுநாள் காலையிலேயே நாடாவுடன் போனேன். போனால், மனை எது, எரிந்த வீடுகள் எவை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மண்சுவர்கள் சரிந்து, சாம்பலும் கரிக்கட்டையுமாக ஒரே மேடாகக் கிடந்தது. நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு விழித்ததைக் கருப்பட்டிக்காரி எதிரே இருந்து பார்த்திருக்கிறாள்.

“என்ன ஐயா தேடுதிய?”

“கடைசி வீட்டுச் சுவரு எங்கன இருந்துச்சுன்னு தெரியணும்.”

“செத்த இருங்க” என்றாள். மரத்தடிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். ஏழெட்டுப் பெண்கள் விளக்குமாறுகளோடு வந்தார்கள். கிழக்குக் கோடியில் தொடங்கிச் சாம்பலைப் பெருக்கினார்கள். புகையும் தூசியுமாகக் கண் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் தரையில் ஒரு கல்வரிசை தெரிந்தது. சுவருக்கு அடியில் போட்டிருந்த அஸ்திவாரக் கல். பிறகு இன்னொன்று, இன்னொன்று. பதினொரு வீடுகளும் கோடு போட்டதுபோல் தரையில் எழுந்து வந்தன. நான் அளந்தேன். வியாபாரியின் பிளான் கோடியில் இருந்த மூன்று வீடுகளை முழுசாக விழுங்கியிருந்தது.

மனுவைத் தள்ளி, அளவுகளையும் எழுதி அனுப்பினேன். இரண்டாம் நாள் வியாபாரியே வில்வண்டியில் வந்து இறங்கினார். தடித்த, மரியாதையான மனிதர். என் மேஜைக்கு எதிரே நின்றபடியே பேசினார்.

“என்னவே, நம்ம பிளானுல கோளாறு சொல்லுதீராமே?”

“பிளானு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. மனைதான் சின்னது.”

“அந்தச் சனங்க ஓடு போட்டுத் திரும்பக் குடி வரப் போறாங்களா? ஆடிக்குள்ள ஊரப் பாத்துப் போயிருவாங்க வே. வெறும் சாம்பலுக்கு இம்புட்டு அளவா?”

“சாம்பலுக்குக் கீழ கல்லு இருக்கு. நீங்களே வந்து பாருங்க. நான் நாடாவப் பிடிக்கேன், மறுமுனைய நீங்க பிடிங்க.”

அவர் வரவில்லை. மேலே எங்காவது சொல்லி என்னை மாற்றிவிடுவாரோ என்று அன்று என் மனைவி பயந்தாள். எனக்குப் பயம் வரவில்லை. கல் தரையில் கிடந்தது. அதை யார் போய் அளந்தாலும் அதே அளவுதான் வரும்.

கூட்டத்தில் சேர்மன் என்னை அழைத்து விளக்கச் சொன்னார். சொன்னேன். மாதிரி பிளான் நிறைவேறியது. பதினொரு பேரின் கைநாட்டோடு ஒரே மனு வந்தது. முதல் கைநாட்டு கருப்பட்டிக்காரியுடையது.

சீமை ஓட்டின் விலை அவர்களுக்குக் கட்டாது. ஆற்றங்கரைக் குயவர்களிடம் நாட்டு ஓடு சொன்னார்கள். கூரைச் சட்டத்துக்குப் பனைமரத்தை அறுத்த பனங்கை கிடைத்தது. செங்கல் சுமப்பதையும் மண் குழைப்பதையும் தாங்களே செய்துகொண்டு, சுவர் எழுப்ப மட்டும் ஒரு கொத்தனாரை வைத்தார்கள். அவருக்கு என் நடுச்சுவர்களைக் கண்டாலே சிரிப்பு.

“கூரைக்கு மேலயும் ஒரு முழம் ஏத்தச் சொல்லுதியளே ஐயா, அங்கன யாரு குடியிருக்கப் போறா?”

“தீ வந்தா அங்கன நிக்கும், இங்கன வராது. ஏத்தும்.”

ஏற்றினார். ஐப்பசி மழைக்கு முன்னால் பதினொரு கூரையும் மூடியாயிற்று. நான் அந்தத் தெரு வழியே போகும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். அப்படிப் போன ஒரு காலையில் கருப்பட்டிக்காரி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“ஐயா, பைய உள்ள வாங்க. இங்கன செத்த நேரம் நில்லுங்க.”

அடுப்படியில் நிற்க வைத்து, ஈரப் பனைமட்டையை அடுப்பில் திணித்து ஊதினாள். ஓலைக் கூரையில் புகை தானாகக் கசிந்து போய்விடும். நெருக்கி அடுக்கிய ஓட்டுக் கூரையில் அது போக வழியே இல்லை. என் பிளானில் தீயை மறந்தேனில்லை, காற்றை மறந்தேனில்லை, புகையை மறந்துபோனேன். கண்ணீர் வழிய வெளியே ஓடி வந்தேன். வெளியே இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

“பிளானு போட்ட கையால ஒரு நாளு சோறு பொங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. அன்றே கொத்தனாரை அழைத்து, அடுப்புக்கு நேர் மேலே நான்கு ஓடுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சாண் உயரத்தில் சிறு கூரை ஒன்றை வைக்கச் சொன்னேன். புகை போயிற்று, மழையும் வரவில்லை. பதினொரு வீட்டிலும் அப்படியே செய்தார்கள். ஆபீஸ் சுவரில் தொங்கிய மாதிரி பிளானைக் கழற்றி, புகைக்கூண்டையும் வரைந்து, மறுபடி மாட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள், தீயும் பிடிக்காமல் நோட்டீஸும் வராமல், தாங்களாகவே வந்தார்கள். “அந்தப் பதினொரு வீட்டு மாதிரி எங்களுக்கும் எழுதித் தாங்க” என்றார்கள். நான்கு வீடு சேர்ந்து ஒரு மனு, ஆறு வீடு சேர்ந்து ஒரு மனு. அனுமதி கேட்பது அவமானம் என்ற பேச்சு அந்தத் தெருக்களில் இல்லாமலே போயிற்று. நகரசபை சீல் வைத்த தாள் ஒன்று வீட்டில் இருந்தால் நாளைக்கு யாரும் மனையை விழுங்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சில வருஷங்கள் கழித்து ஜெர்மனியோடு பெரிய சண்டை வந்தது. சீமையிலிருந்து இரும்பு உத்திரம் வருவது நின்றது. கண்ணாடி நின்றது. ரங்கூன் தேக்கின் விலையைக் கேட்டுப் பெரியவர்கள் மாடிகளை ஒத்திப்போட்டார்கள். பஞ்சு வியாபாரியும் தம் சொந்த மனைக்குள் அடங்கும்படி ஒரு கிட்டங்கிக்குப் பிளான் போட்டு, அதையும் கட்டாமல் விட்டுவைத்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக என் மேஜைக்கு மெழுகுத்துணிப் பிளான் ஒன்றுகூட வரவில்லை. கட்டட வேலையே ஊரில் நின்றுபோயிற்று, இதற்குத் தனியாக ஒரு குமாஸ்தா எதற்கு என்று நகரசபையில் பேச்சு எழுந்தது. சேர்மன் என்னைக் கூப்பிட்டார்.

“உம்ம வேலைக்கே ஆபத்து வந்திருக்கு வே. என்ன சொல்லுதீரு?”

நான் இரண்டு மனுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். ஒன்று பெரிய வீடுகளும் கடைகளும். அது மெலிந்திருந்தது. மற்றது நாட்டு ஓடும் பனங்கையுமாக எழும்பிய சிறிய வீடுகள். அதைக் கட்டியிருந்த கயிறு போதாமல் வேறு கயிறு ஒட்டுப்போட்டிருந்தேன்.

“கட்டட வேலை நிக்கல ஐயா. தெரு மாறியிருக்கு, அவ்வளவுதான். குயவன் சூளைக்கும் பனங்காட்டுக்கும் கப்பல் எதுக்கு?”

அவர் கனத்த கட்டைப் பிரித்துப் பார்த்தார். மனுவுக்கு மனு அடியில் கைநாட்டுகள். வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தாமே மறுபடி கட்டி, கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். என் வேலை அதன் பிறகு ஒருநாளும் பேச்சுக்கு வரவில்லை.

அந்த வாரமே வாய்க்கால் கரைத் தெருவிலிருந்து எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை நாடாவை எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.